ஃப்ரீசெல் 11982: சீட்டை நானே இறக்கிப் பார்த்த அனுபவம்

விண்டோஸ் 95 காலத்துக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர்களுக்கு ஃப்ரீசெல் நன்றாகவே தெரிந்திருக்கும். சாலிடேர், மைன்ஸ்வீப்பர் மாதிரி கூடவே வந்த ஆட்டம். அதில் என்னை எப்போதும் இழுத்தது தலைப்புப் பட்டையில் தெரியும் ஆட்ட எண். அந்த எண்ணை வேறு எந்தக் கம்ப்யூட்டரில் கொடுத்தாலும் அச்சு அசலாக அதே சீட்டுகள் அதே வரிசையில் விழும். 1 முதல் 32,000 வரை எந்த எண்ணும் கொடுக்கலாம். 52 சீட்டின் அடுக்கை இவ்வளவு சின்ன எண்ணுக்குள் எப்படி அடக்கினார்கள் என்று நானே எழுதிப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. பைத்தான் நிரல்மொழியில் ஆரம்பித்தேன். இதுவரை வந்த தூரம் இது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி: எட்டு வரிசையில் எல்லாச் சீட்டும் திறந்தே கிடக்கும். ஒரு சீட்டைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள நாலு காலி அறைகள். ஆஸ் தொடங்கி ராஜா வரை இனம் இனமாக ஏற்றி முடிக்க வேண்டும். மூடிய சீட்டே இல்லாததால் அதிர்ஷ்டத்துக்கு இங்கே வேலை கிடையாது. தோற்றால் அநேகமாக நாம் யோசித்தது போதவில்லை என்று அர்த்தம். அதனால்தான் ஆட்ட எண்ணுக்கு இவ்வளவு மதிப்பு.

முதல் வேலை சீட்டை இறக்குவது. 52 சீட்டுக்கும் 0 முதல் 51 வரை எண் கொடுக்க வேண்டும். நாலு ஆஸ் முதலில், அப்புறம் நாலு 2, கடைசியில் நாலு ராஜா. ஒவ்வொரு நாலுக்குள்ளும் கிளாவர், டைமன், ஆட்டின், இஸ்பேட் என்ற வரிசை. கலைப்பதற்கு மைக்ரோசாஃப்ட்டின் சி கம்பைலரோடு வந்த ரேண்டம் கணக்கு. ஆட்ட எண்ணை 214013ஆல் பெருக்கி 2531011ஐக் கூட்டு. வந்த எண்ணை அடுத்த சுற்றுக்கு எடுத்து வைத்துக்கொள். அதையே 65536ஆல் வகுத்து ஈவை மட்டும் எடு. ஈவு பெரிதாக இருந்தால் 32768ஆல் வகுத்த மீதியை எடு. கையில் எத்தனை சீட்டு இருக்கிறதோ அந்த எண்ணிக்கையால் இதை வகுத்து, மீதி எந்த இடத்தைச் சொல்கிறதோ அங்கிருக்கும் சீட்டை இறக்கு. எட்டு வரிசைக்கும் ஒவ்வொரு சீட்டாகச் சுற்றி வர வேண்டும். காலியான இடத்தில் கட்டின் கடைசிச் சீட்டை வை. அவ்வளவுதான்.

ஆட்டம் 1ஐப் பேப்பரிலேயே போட்டுப் பார்க்கலாம். 214013உம் 2531011உம் சேர்ந்தால் 2745024. 65536ஆல் வகுத்தால் ஈவு 41. 52ஆல் வகுத்தாலும் மீதி அதே 41. அந்தச் சீட்டு எது? நாலால் வகுத்தால் ஈவு 10, மீதி 1. ஈவு 0 என்றால் ஆஸ், ஆகவே 10 என்றால் ஜாக்கி. மீதி 1 டைமன். முதல் சீட்டு டைமன் ஜாக்கி. அடுத்து வரும் ரேண்டம் எண் 18467. மிச்சம் இருக்கும் 51 சீட்டால் வகுத்தால் மீதி 5, அது டைமன் 2. அடுத்தது 6334, 50ஆல் வகுத்தால் 34, ஆட்டின் 9. விண்டோஸ் எக்ஸ்பி ஃப்ரீசெல்லைப் பக்கத்தில் திறந்து ஆட்டம் 1ஐக் கொடுத்தேன். டைமன் ஜாக்கி, டைமன் 2, ஆட்டின் 9, கிளாவர் ஜாக்கி என்று முதல் சுற்றுச் சீட்டுகள் அப்படியே வந்தன. அந்த நிமிடம் கிடைத்த சந்தோஷத்துக்கு இந்த வேலை முழுவதும் தகும்.

இந்த ஆட்டத்தின் வயது விண்டோஸை விட அதிகம். 1978இல் பால் ஆல்ஃபில் என்பவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கம்ப்யூட்டருக்காக எழுதியது. பேக்கர்ஸ் கேம் என்று ஏற்கெனவே ஓர் ஆட்டம் இருந்தது. அதில் ஒரே இனத்துச் சீட்டைத்தான் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க முடியும். ஆல்ஃபில் அதைச் சிவப்பு, கறுப்பு மாறி மாறி அடுக்கலாம் என்று மாற்றினார். இந்த ஒரு மாற்றத்தில் அநேகமாக எல்லா ஆட்டமும் ஜெயிக்கக்கூடியதாகிவிட்டது. பிளேட்டோவில் இதை விளையாடிப் பழகிய ஜிம் ஹார்ன் முதலில் விண்டோஸுக்கு முந்தைய டாஸுக்கு எழுதினார், பிறகு மைக்ரோசாஃப்ட்டில் விண்டோஸுக்கு எழுதினார். எண் கொடுத்து ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி அவர் விண்டோஸ் பதிப்பில் இருந்தது. ஆபீஸ் மேஜையில் பொழுதுபோக்காக இருந்த ஒன்றை ஊருக்கே பொதுவான கணக்குப் புத்தகமாக மாற்றியது அந்த வசதிதான் என்பது என் முடிவு. 1990இல் விண்டோஸ் 3.0 உடன் வந்த வெஸ் செர்ரியின் சாலிடேர் இதைவிடப் பல மடங்கு பேரைப் பிடித்துவைத்தது, சந்தேகமில்லை. ஆனால் அதில் நேற்று நான் தோற்ற ஆட்டத்தை இன்று நீங்கள் ஆடிப் பார்க்க வழி கிடையாது.

ஃப்ரீசெல்லில் அதைச் செய்தார்கள். 1994 ஆகஸ்டில் டேவ் ரிங் என்பவர் 32,000 ஆட்டங்களையும் நூறு நூறாகப் பிரித்து இன்டர்நெட் வழியே ஆட்களுக்குக் கொடுத்தார். நூறு பேருக்கும் மேல் சேர்ந்தார்கள். ஒருவரால் முடியாததை இன்னும் திறமையானவரிடம் அனுப்பினார்கள். 1995 ஏப்ரலில் வேலை முடிந்தபோது யாராலும் முடிக்க முடியாமல் நின்றது ஒரே ஆட்டம், 11982. பின்னால் கம்ப்யூட்டர் நிரல்களும் அதற்குத் தீர்வு இல்லை என்றே உறுதி செய்தன. சம்பளமோ பரிசோ இல்லாமல், மனிதர்கள் கையால் ஆடி 31,999ஐ முடித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னமும் மலைப்பாக இருக்கிறது.

சரி, 11982ஐ என் நிரலில் இறக்கினேன். முதல் சுற்றில் விழுந்த சீட்டுகளைப் பார்த்ததுமே புரிந்தது. ஆட்டின் ஆஸ், இஸ்பேட் ஆஸ், ஆட்டின் 4, கிளாவர் ஆஸ். முதலில் விழும் சீட்டுதான் அடியில் போய் மாட்டும். ஆக மூன்று ஆஸ் ஏழு சீட்டு வரிசைகளின் அடிமட்டத்தில், ஒவ்வொன்றின் மேலும் ஆறு சீட்டு. டைமன் 2உம் ஐந்தாவது வரிசையின் அடியில். டைமன் ஆஸ் மட்டும் ஏழாவது வரிசையில், அடியிலிருந்து இரண்டாவதாக. ஆஸ் புதைந்து கிடப்பது மட்டுமே காரணமாகாது, அப்படி இருந்தும் முடிகிற ஆட்டங்கள் உண்டு. இங்கே அந்த ஆஸ்களுக்குத் தோண்டிப் போகும் வழியெல்லாம் ஒன்றையொன்று அடைத்துக்கொண்டு நிற்கிறது.

தீர்வு தேடும் நிரலையும் எழுதினேன். ஒரு நிலையிலிருந்து எந்தெந்த நகர்வு முடியும் என்று பார்த்து, ஒவ்வொன்றையும் கடைசிவரை துரத்தி, முட்டினால் திரும்பி வரும் சாதாரண முறை. ஏற்கெனவே பார்த்த நிலையை நினைவில் வைக்க வேண்டும். எட்டு வரிசைகளை இடம் மாற்றினால் ஆட்டம் மாறுவதில்லை, ஆகவே நினைவில் வைக்கும் முன் வரிசைகளையும் அறைச் சீட்டுகளையும் ஓர் ஒழுங்கில் அடுக்கிவிட்டேன். இந்த ஒரு மாற்றம்தான் வேகத்தில் பெரிய வித்தியாசம் தந்தது. ஆட்டம் 1 சட்டென முடிந்தது. 11982 ஓடிக்கொண்டே இருந்தது, மெமரி நிரம்பிய பிறகு நிறுத்தினேன். அப்புறம் அறைகளை நாலிலிருந்து ஐந்தாக மாற்றி அதையே ஓட்டினேன். தீர்வு வந்துவிட்டது! ஒரே ஒரு சீட்டு வைக்க இடம் கூடினால் போதும்.

எக்ஸ்பியில் ஆட்டங்கள் பத்து லட்சம் ஆனபோதும் முடியாதவை மொத்தம் எட்டுதான்: 11982, 146692, 186216, 455889, 495505, 512118, 517776, 781948. என் பைத்தான் நிரலை சி மொழிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஒரு நிலையைக் குறைந்த பைட்டில் அடக்கும் பகுதி பாதி முடிந்திருக்கிறது. அது முடிந்ததும் இந்த எட்டையும் நாலு அறையோடு முழுமையாகத் தேடவிட்டு, பிறகு ஐந்து அறையோடு ஓட்டி எது எத்தனை நகர்வில் முடிகிறது என்று குறிக்கப் போகிறேன்.