நெஞ்சுநோ: ஆஸ்பத்திரி வாசல் தொடக்கம் கிளினிக் கொப்பி வரை

நெஞ்சுநோக்காரரைக் கொண்டுபோனால் டொக்டர் முதலில் கேட்பது, நோ எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைத்தான். "விடியப்புறம்" என்று இழுக்காமல் நேரத்தை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கோ. மாரடைப்பென்றால், இதயக் குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நோ தொடங்கி 12 மணித்தியாலத்துக்குள் போடலாம். முதல் 3 மணித்தியாலத்துக்குள் போட்டால்தான் முழுப்பலன்.

எங்கட பக்கம் அந்த நேரம் வீட்டிலேயே போய்விடுகிறது. வாய்வு என்று உள்ளி சுட்டுக் கொடுப்பார்கள், சோடா உடைப்பார்கள். நடுநெஞ்சு அமுக்கம் கைக்கோ நாடிக்கோ ஏறி, குளிர்வியர்வையோடு 15 நிமிடம் நின்றால் அதை வாய்வு என்று விடவேண்டாம். சீனி வருத்தக்காரருக்கு நோவே இல்லாமல் மூச்சுவாங்கல் மட்டும் வரலாம்.

1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும், அது இலவசம். மோட்டார்சைக்கிளில் நடுவில் இருத்திக்கொண்டு போனால், வழியில் துடிப்புக் குழம்பி நின்றுவிட்டால் நெஞ்சை அமுக்கவும் ஏலாது.

போனதும் 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்கவேண்டும். முதல் ஈசிஜி சுத்தமாக இருக்கிறது என்று வீட்டுக்கு வரவேண்டாம். நோ நின்றபாடில்லை என்றால் திரும்ப எடுக்கச் சொல்லுங்கோ. இதயத்தசை பழுதானதைக் காட்டுகிற ட்ரோபொனின் இரத்தத்தில் ஏறவும் சில மணித்தியாலம் செல்லும். அஸ்பிரின் 300 மில்லிகிராமைச் சப்பக் கொடுப்பார்கள், கூடவே இரத்தம் கட்டியாகாமல் தடுக்கிற குளோபிடோகிரல். கட்டி கரைக்கிற ஊசி ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 இலட்சம் அலகு, 30 முதல் 60 நிமிடத்தில் சேலைனோடு ஏறும். அப்போது பிரசர் விழலாம். தாதி ஓட்டத்தைக் குறைப்பது அதற்குத்தான், பயப்பட வேண்டாம். முன்பு மூளையில் இரத்தம் கசிந்தவர், அண்மையில் தலையில் அடிபட்டவர், சத்திரசிகிச்சை செய்தவர் என்றால் ஊசிக்கு முன்னமே சொல்லிவிடவேண்டும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஒருமுறை போட்டவருக்கு உடம்பில் அதற்கு எதிர்ப்பொருள் உண்டாகும், மறுமுறை வேறு மருந்துதான். ஆகவே வீட்டுக்கு விடத் துண்டு வெட்டும்போது ஊசியின் பெயர் டயக்னோசிஸ் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கோ.

பிறகு இதயக் குழாய் அடைப்பைப் படமெடுத்துப் பார்க்கிற அஞ்ஜியோகிராமுக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பலாம். ஈசிஜி தாள்களைக் கையோடு கொண்டுபோங்கோ. அடைத்த குழாயை விரித்துவைக்கிற ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்தவர் அஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் வழமையாக ஒரு வருடம் சேர்த்துப் போடவேண்டும். பல்லுப் பிடுங்கவென்று தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடலாம். அடுத்த கிளினிக்குக்கு முன் குளிசை முடிகிறதென்றால், முடிய முன்னமே கொப்பியோடு போய் எடுங்கோ. நெஞ்சுநோவுக்கு நாக்குக்குக் கீழ் வைக்கிற குளிசை வந்த போத்தலிலேயே இருக்கட்டும்; சட்டைப்பைக் கடதாசியில் சுற்றினால் வேகம் போய்விடும்.