சகாராவுக்குக் காரைக்குடியில் பயிற்சி

மொராக்கோவின் சகாராப் பாலைவனத்தில் 1986 முதல் நடந்துவரும் மாரத்தான் தே சாப்ல் என்னும் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் ஓட்டத்திற்கு, ஓட்டத்தைப் பொழுதுபோக்காக மட்டுமே அறிந்த நான் ஆயத்தமாகி வருகிறேன். பயணச் செலவு முழுவதும் என்னுடையது. நண்பர்கள் தரும் நன்கொடை அப்படியே ஏழைச் சிறுநீரக நோயாளிகளின் சிகிச்சைக்குச் செல்லும்.

கானாடுகாத்தான் பக்கத்துச் செம்மண் பாதைகளில், பலரும் திண்ணையில் ஒதுங்கும் நண்பகலில் நான் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு ஆச்சி, "பழனிக்கு நடந்தாலாவது புண்ணியம் உண்டு" என்கிறார். வெயிலில் ஓடுவது வீம்புக்காக அன்று. ஏறத்தாழ இரண்டு வாரம் வெப்பத்தில் பழகினால் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை விரைவில் தொடங்கும், அதில் வெளியேறும் உப்பும் குறையும். ஆனால் நம்மூரில் வியர்வை சட்டையை நனைத்துக் காட்டிக்கொடுக்கும். பாலைக் காற்றிலோ அது உடனே ஆவியாவதால், எவ்வளவு இழந்தோம் என்பதே தெரியாது. தாகத்திற்கு அஞ்சி வெறும் தண்ணீரையே அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், உப்பையும் கணக்கிட்டே எடுத்துக்கொள்கிறேன்.

மணலில் ஓடிப் பழக வற்றிய கண்மாய்தான் கிடைத்தது, அது போதாதுதான்.

உணவை வீரரே சுமக்க வேண்டும் என்பது விதி. எடைக்கு ஆற்றல் மிகுந்த நம் மாவுருண்டை அதற்குப் பொருத்தமானது. வெயிலில் நெய் உருகும் என்பதால் உருட்டாமல் பொடியாகவே கொண்டுபோகிறேன். நன்கொடை தர விரும்புவோர் உள்பெட்டியில் எழுதுங்கள்.