மீனுக்கு நல்ல தண்ணி

எங்கள் தெருவில் நல்ல தண்ணி, அதாவது சிறுவாணிக் குடிதண்ணி, எட்டு நாளைக்கு ஒருமுறை வரும். பெரும்பாலும் விடிகாலை மூன்று மணிக்கு. குழாயில் முதலில் காற்று புஸ்ஸென்று கிளம்பும், அப்புறம் கொஞ்சம் கலங்கல், அப்புறம்தான் தெளிவு. அந்த புஸ்ஸுக்கு எழுந்திருக்கிற ஆள் இப்போது நான்தான். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் தண்ணி பிடிக்க ஒருநாளும் எழாத மனுஷன், டிஸ்கஸ் மீன் வாங்கின பிறகு அலாரம் இல்லாமலே எழுகிறார் என்று என் மனைவி வருகிற ஒறம்பரைகளிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பொய்யில்லை.

வீடு கோவை செல்வபுரம். வேலை கணபதிப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில், வார்ப்புக்குள் வைக்கிற மணல் கட்டி செய்கிற கோர் ஷாப்பில். மீனைப் பார்த்தது பல் பிடுங்கப் போன இடத்தில். வாய் மரத்துப்போய் உட்கார்ந்திருந்தேன், எதிரே கண்ணாடித் தொட்டியில் வட்டல் வட்டலாக ஆறு மீன். பக்கவாட்டில் பார்த்தால் சோறு போட்டுத் தின்னலாம் போலத் தட்டு. நேரே நம்மைப் பார்த்துத் திரும்பினால் வெறும் கோடு. உணர்ச்சி திரும்பி வாய் வலிக்க ஆரம்பித்ததே தெரியவில்லை.

அதற்கு அமேசான்தான் ஊர். மழை பெய்து காட்டுக்குள் ஊறி வருகிற தண்ணீர். உப்பு கிடையாது, சுண்ணாம்பு கிடையாது, இலையும் வேரும் ஊறிக் கொஞ்சம் புளிப்பு. சூடு 28லிருந்து 30 டிகிரி. வேகமில்லாத ஓரங்களில், மூழ்கின வேர்களுக்கு நடுவே கூட்டமாக நிற்கும். ஒன்றிரண்டு வளர்த்தால் பெரியது சின்னதை ஓரங்கட்டியே கொன்றுவிடும். குறைந்தது ஆறு மீனாவது வேண்டும். ஒரு மீனுக்கு 40 லிட்டர் என்று கணக்கு வைத்து, செடிக்கும் கட்டைக்கும் இடம் விட்டால், ஐந்தடி நீளத் தொட்டிக்கு வந்து நிற்கும்.

ஐந்துக்கு இரண்டுக்கு இரண்டு. 12 எம்.எம். கண்ணாடி. விளிம்புவரை நிரப்பினால் 566 லிட்டர். அத்தோடு கண்ணாடி ஒரு நூறு கிலோ, மண், மணல், கட்டை. எழுநூறு கிலோவுக்குக் குறையாது. அம்மாவிடம் சொன்னபோது, "ஏஞ்சாமி, ஆசாரத்துல ரெண்டு கறவை மாட்டக் கொண்டாந்து கட்டுனாப்பலன்னு சொல்லு" என்றாள். சரியான கணக்கு. அதனால்தான் மாடியில் வைக்கிற யோசனையை விட்டேன்.

ஸ்டாண்டை என் பங்காளி முறைத் தம்பி ஒருவன் இரண்டங்குலச் சதுரக் குழாயில் வெல்டிங் அடித்துக் கொடுத்தான். பட்டறையில் ரசமட்டம் வைத்துப் பார்த்தால் குமிழி நடுவில் நின்றது. ஆசாரத்தில், அதாவது வீட்டு முன்கூடத்தில், வைத்துப் பார்த்தால் ஓடிவிட்டது. வாசல் பக்கம் தண்ணி வழியட்டும் என்று அப்பா காலத்தில் கொத்தனார் கொடுத்த வாட்டம்! ஐந்தடிக்கு அரை அங்குலம். இரண்டு காலுக்கு அடியில் இரும்புத் தகடு கொடுத்துச் சரிக்கட்டினோம். இதை விட்டுவிட்டு நிரப்பியிருந்தால் பாரமெல்லாம் ஒரு பக்கச் சிலிக்கான் ஒட்டில் போய் உட்கார்ந்திருக்கும். தொட்டிக்கு அடியில் தெர்மாகோல் போட மறக்கக் கூடாது. உள்ளே கொண்டு வருவதற்கு முன்னால் வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் வைத்து இரண்டு நாள் போர் உப்புத் தண்ணி நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்த்தேன். மாட்டைப் பார்க்கிற மாதிரி அம்மா வந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

கட்டை, வால்பாறையிலிருந்து வந்த தேயிலை வேர். வயதான செடிகளைப் பிடுங்கும்போது கிடைப்பது. ஒரு மாதம் டிரம்மில் ஊறப் போட்டேன். தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. டீ வேர்தானே, வேறெப்படி வரும். கூழாங்கல் பொறுக்குவதில் மட்டும் கவனம். நம் பக்கம் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை. மதுக்கரையில் சிமெண்ட் ஆலையே அதை நம்பி வந்ததுதான். கக்கூஸ் கழுவுகிற ஆசிட் ஒரு சொட்டு விட்டு, நுரைத்த கல்லையெல்லாம் வெளியே வீசினேன். அந்தக் கல் உள்ளே கிடந்தால் எவ்வளவு நல்ல தண்ணி ஊற்றினாலும் மெல்ல உப்புத் தண்ணியாக்கிவிடும்.

செடி விஷயத்தில் ஆசைப்பட்டுப் பயனில்லை. படத்தில் பார்க்கிற சிவப்புச் செடியும் புல்விரிப்பும் பெரும்பாலும் 24, 25 டிகிரியில் சுகமாக வளர்பவை. 29இல் குழைந்துவிடும். தாங்குவது அமேசான் ஸ்வார்டு, அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன். கடைசியாகச் சொன்னதில் வென்டி என்கிற வகை இலங்கைக்காரி. நட்ட பத்தே நாளில் இலையெல்லாம் கரைந்து போயிற்று. பிடுங்கிப் போடாமல் விட்டேன், வேரிலிருந்து திரும்ப வந்தது. அனுபியாஸையும் ஃபெர்னையும் மண்ணில் புதைத்தால் கிழங்கு அழுகும். கட்டையில் வைத்துத் தையல் நூலால் கட்டிவிட்டால் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

செடிக்குக் கரியமில வாயு கொடுக்க வேண்டும் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கோர் ஷாப்பில் என் வேலையே அதுதான். மணலில் சிலிக்கேட் கலந்து, அச்சில் திணித்து, சிஓடூ விட்டால் நிமிஷத்தில் கல்லாக இறுகும். அங்கே சர்ரென்று திறந்துவிடுகிற வாயுவை இங்கே நொடிக்கு இரண்டு குமிழி என்று எண்ணி விட வேண்டும். சின்ன சிலிண்டர், ரெகுலேட்டர், சொலினாய்டு வால்வு, டைமர். லைட் எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திறக்கும், லைட் அணைவதற்கு முன்பே மூடும். உள்ளே ஒட்டின கண்ணாடிக் குப்பியில் இருக்கிற திரவம் நீலமென்றால் வாயு போதவில்லை, பச்சையென்றால் சரி, மஞ்சளென்றால் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜனும் குறைவாகத்தான் கரையும் என்பதால் நான் பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவிலேயே வைத்திருக்கிறேன். செடி கொஞ்சம் மெதுவாக வளரட்டும்.

ஹீட்டர் 300 வாட்டில் இரண்டு. ஒன்று பழுதானால் இன்னொன்று காப்பாற்றும். சித்திரையில் இரண்டுக்குமே வேலையில்லை. மார்கழியில் ஓடும் என்று தெரியும். ஆடியில் ஓடியதுதான் எனக்கு ஆச்சரியம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலில் நுழைந்து, மூடியில்லாத தொட்டியை ராத்திரியோடு ராத்திரியாக ஆற வைத்துவிடுகிறது.

ஆறு வாரம் மீனில்லாமல் தொட்டி ஓடியது. வெறும் தண்ணியையும் கட்டையையும் எதற்குக் கண்ணெடுக்காமல் பார்க்கிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். ஃபில்டரில் பாக்டீரியா உண்டாகி, மீன் கழிவில் வருகிற அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றப் பழகுகிற காலம் அது. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாக நின்ற பிறகுதான் சென்னை கொளத்தூரிலிருந்து எட்டு மீன், நாலங்குல சைஸ், தெர்மாகோல் பெட்டியில் ராத்திரி பஸ்ஸில் வந்தது. இரண்டு நாள் எட்டும் கறுத்துப்போய் வேருக்குப் பின்னால் நின்றன. பயந்தால் பெரும்பாலான வகைகளுக்கு உடம்பில் ஒன்பது பட்டை எழும்பும், எண்ணிப் பார்க்கலாம். மூன்றாம் நாள் ஒன்று வெளியே வந்தது, பின்னாலேயே மற்றதெல்லாம்.

(டிஸ்கஸில் பிஜன் பிளட் என்கிற நிற வகை பிடிக்குமென்றால் கறுப்பு மண் போடாதீர்கள். அடி கறுப்பாக இருந்தால் அதன் மேல் மிளகுத்தூள் தூவினாற்போலப் புள்ளி விழும். என் எட்டில் இரண்டுக்கு விழுந்துவிட்டது.)

இனி தண்ணிக்கு வருகிறேன், எழுத உட்கார்ந்ததே அதற்குத்தான்.

சிறுவாணித் தண்ணியை உலகத்திலேயே இரண்டாவது சுவையான தண்ணீர் என்று எங்கள் ஊரில் சொல்லிக்கொள்வோம். முதலாவது எது என்று யாரும் கேட்டதில்லை. மற்ற ஊர்களில் டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் ஆர்.ஓ. மெஷின் வைத்து, பாதித் தண்ணியைச் சாக்கடையில் விட்டு, மென்மையான தண்ணீர் தயாரிக்கிறார்கள். எனக்கோ குழாயிலேயே வருகிறது. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளக்கிற என் டிடிஎஸ் மீட்டரில் நல்ல தண்ணி 40ஐ ஒட்டிக் காட்டும். எங்கள் போர் உப்புத் தண்ணி 1,400. இதைப் பார்த்ததும் தலைகால் புரியவில்லை. நூற்றுக்கு நூறு சிறுவாணியே ஊற்றினேன். "ஏனுங்க, பாத்திரங் கழுவறக்கு உப்புத் தண்ணி, துணி தொவைக்கறக்கு உப்புத் தண்ணி, தலைக்கு ஊத்தறக்கு உப்புத் தண்ணி. உங்க மீனுக்கு மட்டும் நல்ல தண்ணியாங்க?" என்று மனைவி கேட்டாள். அவள் கேட்டது நியாயம், ஆனால் அன்றைக்கு அது காதில் ஏறவில்லை.

இரண்டாவது மாசம் ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், எட்டும் கறுத்து, துடுப்பை மடக்கிக்கொண்டு, உடம்பை உதறிக்கொண்டு நிற்கின்றன. தண்ணீரின் புளிப்பைக் காட்டுகிற பிஎச் பார்த்தால் அட்டையில் இருக்கிற கடைசி மஞ்சள், அதாவது புளிப்பு மிஞ்சிவிட்டது. காரத்தன்மை பார்க்கிற சொட்டு மருந்தில் முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது. என்ன நடந்திருக்கிறதென்றால், அழுக்கைத் தின்கிற பாக்டீரியா அமிலத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்து இருந்தால் அது தாங்கிக்கொள்ளும். சிறுவாணியில் தாங்க ஒன்றுமே இல்லை. போதாததற்குத் தேயிலை வேர், நான் வேறு தெருமுனை பாதாம் மரத்துச் சருகைப் பொறுக்கிப் போட்டிருந்தேன். எல்லாமே ஒரே பக்கம் இழுத்ததில் பிஎச் சரிந்து, பாக்டீரியா வேலை நிறுத்தம் செய்து, அம்மோனியா 4இல் நின்றது.

அப்போது செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். பதறிப்போய்ப் பொடக்காலிக்கு ஓடி, உப்புத் தண்ணி மூன்று பக்கெட் அடுத்தடுத்துக் கொட்டினேன். வாயுவையும் நிறுத்தினேன். ராத்திரி ஒன்பது மணிக்கு பிஎச் 7ஐத் தாண்டியிருந்தது. மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கின. பிஎச் தாழ்ந்து கிடக்கும்போது அம்மோனியா பெரும்பாலும் கெடுதலில்லாத உருவத்தில் இருக்கும். பிஎச்சைத் தூக்கினால் அதுவே விஷமாக மாறும். இது எனக்குத் தெரிந்தது மறுநாள். பாதித் தண்ணியை மாற்றியும் நீலக் கோடு போட்டிருந்த ஒன்று விடியும்போது பக்கவாட்டில் கிடந்தது. ஆசாரத்து லைட்டைப் போடாமல் எடுத்துக்கொண்டு போய் முருங்கை மரத்தடியில் புதைத்தேன். அம்மா ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது ஒரு பங்கு உப்புத் தண்ணிக்கு ஒன்பது பங்கு நல்ல தண்ணி. கணக்குப் போட்டால் டிடிஎஸ் 176 வர வேண்டும். மீட்டரில் 170, 180க்குள் நிற்கிறது. வாரம் இரண்டு முறை 150 லிட்டர் மாற்றுகிறேன். அதில் 15 லிட்டர், அதாவது சரியாக ஒரு பக்கெட், உப்புத் தண்ணி. இத்தனை நாளாகத் திட்டிக்கொண்டிருந்த போர் தண்ணிதான் தொட்டியைத் தாங்கிப் பிடிக்கிறது. குளோரினுக்கு ஹைப்போ, பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் இருக்குமே, அதே படிகம். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் இருந்தால் 150 லிட்டருக்கு இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேல். போடாமல் ஒருநாளும் ஊற்றுவதில்லை.

தீனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகம் முழுக்க டிஸ்கஸ்காரர்கள் மாட்டு இதயத்தை அரைத்துப் போடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்க முடியாது. இறால், பூண்டு, கொஞ்சம் கீரை, ஜெலட்டின் போட்டு அரைத்து, தட்டையாக உறைய வைத்து, ஒடித்துப் போடுகிறேன். மிக்ஸி ஜார் எனக்கென்று தனியாக ஒன்று வாங்க வேண்டியதாயிற்று. அந்தக் கதையை இங்கே எழுதினால் அடுத்த வேளைச் சோறு கிடைக்காது.

போன வாரம் இரண்டு மீன் ஜோடி சேர்ந்து, ஸ்வார்டு இலை ஒன்றை வாயால் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்து முட்டை வைத்தன. குஞ்சு பொரித்தால் அப்பன், ஆத்தா இரண்டின் உடம்பிலும் ஊறுகிற வழவழப்பைத்தான் முதலில் தின்னும். ஒன்று களைத்தால் உடம்பை ஒரு உதறு உதறி அடுத்ததிடம் அனுப்பிவிடும் என்று படித்திருந்தேன். பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. மூன்றாம் நாள் முட்டையெல்லாம் வெள்ளையாகப் பூத்துப்போய்விட்டது. நேற்று ராத்திரி அதே இலைக்குப் பக்கத்து இலையைத் தேய்க்க ஆரம்பித்திருக்கின்றன.

இன்றைக்குத் தண்ணி முறை. எனக்கும் மனைவிக்கும் ஒரு ஒப்பந்தம் உண்டு: முதலில் அடுப்படிக் குடம் ஆறும் நிறைய வேண்டும், அவளும் பாப்பாவும் தலைக்கு ஊற்றிக்கொள்ள ஒரு டிரம், அதற்கப்புறம்தான் மீன் டிரம். விடிகாலை எழுந்து வரிசையாகப் பிடித்தேன். நாற்பது நிமிஷத்தில் குழாய் திரும்பவும் புஸ்ஸென்றது. மீன் டிரம்மில் முழங்கால் அளவுகூட இல்லை. பின்னால் வந்து எட்டிப் பார்த்தவள், தலைக்கு ஊற்ற வைத்திருந்த டிரம்மைக் காலால் என் பக்கம் லேசாகத் தள்ளிவிட்டு, "பாதி எடுத்துக்கங்க. முட்டை வெச்சா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள்.