கிதார் இல்லாத ராக் குழு

ராக் என்றாலே கிதார்தான். ஆனால் 1967இல் லாஸ் ஏஞ்சல்ஸில் கிதாரே வேண்டாம் என்று ஒரு குழு கிளம்பியது. பெயர் 'தி யுனைடெட் ஸ்டேட்ஸ் ஆஃப் அமெரிக்கா'. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில், நாட்டின் பெயரையே எடுத்து வைத்துக்கொள்ள எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

தலைவர் ஜோசஃப் பேர்ட் இடதுசாரி, சோதனை இசைக்குப் பேர்போன அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜிடம் படித்தவர். கார்டன் மேரன் வயலினை மின்சாரத்தில் இணைத்து, ரிங் மாடுலேட்டர் என்ற ஒலியை மாற்றும் மின்னணுக் கருவி வழியாக அதன் குரலையே உருமாற்றினார். டிரம்ஸ் வாசித்த கிரெய்க் உட்சன் சிம்பல் தட்டில் ஸ்லிங்கியைத் தொங்கவிட்டார். ஆமாம், படியிறங்குமே, அந்தக் கம்பிச்சுருள் பொம்மைதான்! மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சின்தசைஸரோ, ரிச்சர்ட் டரெட் இவர்களுக்காகவே செய்து கொடுத்தது.

இத்தனை இரைச்சலுக்கு நடுவில் டோரதி மாஸ்கோவிட்ஸ் துளி பதற்றமில்லாமல் பாடுகிறார். என்னைக் கேட்டால், இந்த இசைக்கு உயிரே அவர் குரல்தான்.

1968இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ஒரே ஆல்பம். அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் தரவரிசைப் பட்டியலில் 181ஆம் இடத்தைத் தாண்டவில்லை. உள்ளுக்குள் சண்டை வேறு. அதே வருடம் குழு கலைந்துவிட்டது.

ஆனால் முப்பது வருடம் கழித்து பிராட்காஸ்ட், போர்டிஸ்ஹெட் போன்ற பிரிட்டிஷ் குழுக்கள் இதைத் தேடிப்பிடித்துக் கொண்டாடின. டோரதி எண்பது வயதைத் தாண்டி, 2023இல் மறுபடி ஒரு ஆல்பம் போட்டார். எனக்கு அதில் அத்தனை சந்தோஷம். சரி, முதலில் அந்த 1968 ஆல்பத்தைக் கேளுங்கள், ஹெட்போன் போட்டு, முழுசாக.