அம்மாவின் பிறந்த தேதி

அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தபோது, செக்யூரிட்டி கிளியரன்ஸுக்காக, அதாவது அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதிக்காக, எஸ்.எஃப்-86 படிவத்தை நிரப்பினேன். நூறு பக்கத்துக்கு மேல் போகும். என்னைப் பற்றிய கேள்விகளில் சிரமமில்லை. அம்மாவின் பிறந்த தேதியில்தான் நின்றுவிட்டேன். பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, ஜாதகத்தில் வேறு தேதி. கும்பகோணத்துக்குப் போன் செய்தேன்.

"ஏம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்? என் பேரு அவங்களுக்கு எதுக்கு?" என்றார்.

அன்று அவருக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த வேலைக்கு வருகிற நம்மவர்கள் பெரும்பாலும் பயப்படுவது இரட்டைக் குடியுரிமை பற்றித்தான். ஒரு காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. 2000-இல் பாதுகாப்புத் துறை, வேறு நாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் அதை ஒப்படைத்தால்தான் கிளியரன்ஸ் என்று கெடுபிடி செய்தது. 2017 ஜூனில் நடைமுறைக்கு வந்த வழிகாட்டுதல்களின்படி, இரட்டைக் குடியுரிமை மட்டுமே தடையாகாது. அதை மறைத்தால்தான், அல்லது அது அமெரிக்க நலனோடு மோதினால்தான் சிக்கல். என் விஷயத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய அன்றே, 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை போய்விட்டது. கையில் இருப்பது ஓ.சி.ஐ. அட்டை, 'ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா' என்பதன் சுருக்கம். பெயரில் குடிமகன் என்று இருக்கிறதே தவிர அதை வைத்து ஓட்டுப் போட முடியாது, வயல் வாங்க முடியாது. இதை விசாரணை அதிகாரிக்குப் பொறுமையாக விளக்கினேன், அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அப்புறம் குடும்பத்துக்கு வந்தார். மொத்தம் 13 வழிகாட்டுதல்களில் இரண்டாவது, வெளிநாட்டுச் செல்வாக்கு. அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து இறந்த அப்பாவுக்காக அம்மா வாங்குவது தமிழக அரசின் குடும்ப ஓய்வூதியம். அண்ணன் மின்வாரியத்தில் பொறியாளர். இரண்டு பேரின் சோறும் இன்னொரு நாட்டு அரசின் கையில். நாளைக்கு யாராவது அவர்களை நெருக்கினால் நீ என்ன செய்வாய் என்பதுதான் அந்தப் பக்கங்களின் அடியில் இருக்கும் கேள்வி. முதலில் அது என் அம்மாவைச் சந்தேகிப்பதாகப் பட்டது. யோசித்தபோதுதான், நான் அவர்மேல் வைத்திருக்கும் பாசத்தைத்தான் அவர்கள் எடை போடுகிறார்கள் என்று புரிந்தது. அது நியாயமான கேள்வி.

"அம்மாவோடு எவ்வளவு அடிக்கடி பேசுவீர்கள்?"

"தினமும்."

வாரம் ஒருமுறை என்று போட்டுவிடு, கேள்வி குறையும் என்று ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். படிவத்தில் தெரிந்தே பொய் எழுதுவது குற்றம். தொடர்பைவிட அதை மறைத்ததுதான் பலரைக் கவிழ்க்கிறது. ஆனால் சட்டத்துக்குப் பயந்து மட்டும் நான் தினமும் என்று எழுதவில்லை. ஒரு வேலைக்காக அம்மாவை வாரத்துக்கு ஒருமுறை ஆக்க மனம் வரவில்லை. அப்பா விட்டுப்போன வீட்டில் எனக்கிருக்கும் பங்கையும், அண்ணனுக்கு அனுப்பிய பணத்தையும் அப்படியே எழுதினேன்.

முடிவு வர 14 மாதங்கள் ஆயின. கிளியரன்ஸ் தனக்கு உரிமை என்று யாரும் கோர முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. சந்தேகம் வந்தால் நாட்டின் பாதுகாப்புப் பக்கம்தான் சாய வேண்டும் என்பது விதி. இரண்டையும் ஏற்கிறேன். அந்த 14 மாதங்களில் எங்கே நிற்கிறது என்று ஒரு வரிகூடச் சொல்லாததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நான் வெளி அறையில் ஆவணங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். குடும்பத்தைக் கடலுக்கு அந்தப் பக்கம் வைத்திருப்பவருக்கு அந்த மௌனம் வேறு மாதிரி கேட்கும்.

கிடைத்தது. இப்போது ஊருக்குப் போவதென்றால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். போன தையில் அப்பாவின் திதிக்குப் போகும்போது தேதி, தங்கும் முகவரி எல்லாம் எழுதிக் கொடுத்தேன்.

"இந்தத் தடவையும் என் பேரை எழுதினியா?" என்று கேட்டார் அம்மா.

"எழுதினேம்மா. ரெண்டு தேதியையும் எழுதினேன்."