சின்னக் கைக்கு ஒரு 1911

1911 பிஸ்டல் ரொம்ப நாளா வச்சிருக்கிறவங்ககிட்ட கையைக் காட்டச் சொல்லிப் பாருங்க, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற சதையில ஒரு தழும்பு இருக்கும், தழும்பு இல்லன்னா அதப் பத்தி ஒரு கதையாவது இருக்கும். சுட்டதும் ஸ்லைடு, அதாவது மேல இருக்கிற நகரும் பகுதி, பின்னாடி வந்து ஹேமரை, அதாவது பின்னாடி இருக்கிற குட்டிச் சுத்தியலைக் கீழ மடக்கும், அந்த ஹேமரோட வால் நுனி நம்ம சதையப் பிடிச்சு கிரிப் சேஃப்டி (பிடியைப் பிடிச்சு அமுக்கினாத்தான் சுட விடற பின்பக்கத் துண்டு) மேல வச்சு நசுக்கும். அம்பது ரவுண்டு சுட்டு முடிச்சப்ப கிரிப்ல ரத்தம், அட இது நம்மளுதான்னு தெரியவே எனக்கு கொஞ்ச நேரம் ஆச்சு. என் கை சின்னக் கை, உள்ளங்கை சதை ஜாஸ்தி, விரல் நீளம் கம்மி. இந்த துப்பாக்கிக்கும் இந்தக் கைக்கும் ஜாதகமே பொருந்தல. சரி துப்பாக்கியை மாத்தாம துப்பாக்கியில இருக்கிறத மாத்துவோம்னு வீட்டு மேசையில உக்காந்ததுதான் இந்தக் கதை.

இது எனக்கு மட்டும் இருக்கிற குறை இல்ல. ஜான் பிரவுனிங் வடிவமைச்ச இந்த பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்னிக்கு ஏத்துக்கிச்சு, அதுக்கு முன்னாடி வச்ச சோதனையில ரெண்டு நாள்ல ஆறாயிரம் ரவுண்டு சுட்டும் ஒரு தடவை கூட சிக்கலன்னு பேரு. ஆனா முதல் உலகப் போர் முடிஞ்சதும் கை கடிக்குது, ட்ரிகர் எட்டலன்னு புகார் வர ஆரம்பிச்சு, 1920கள்ல 1911ஏ1ன்னு திருத்தின மாடல் வந்துச்சு. ட்ரிகரைக் குட்டையாக்கினாங்க, விரல் போக ஃபிரேம்ல, அதாவது பிடியும் ட்ரிகரும் இருக்கிற உடம்புப் பகுதியில, ட்ரிகருக்குப் பின்னாடி ரெண்டு பக்கமும் பிறை மாதிரி செதுக்கி விட்டாங்க, கிரிப் சேஃப்டியோட வாலை நீட்டினாங்க, பிடியோட பின்பக்கம், ஹேமரைத் தள்ளற ஸ்ப்ரிங்கை உள்ள வச்சிருக்கிற மெயின்ஸ்ப்ரிங் ஹவுசிங்கை வளைச்சு வச்சாங்க. அதாவது இதை கஸ்டமைஸ் பண்ற வேலையை முதல்ல ஆரம்பிச்சதே ராணுவம்தான், நாம எல்லாம் அப்புறம் வந்தவங்க.

இன்னொரு விஷயம், ரெண்டாம் உலகப் போர் காலத்துல இதை டைப்ரைட்டர் பண்ற ரெமிங்டன் ரேண்ட் பண்ணுச்சு, ரயில்வே சிக்னல் பண்ற கம்பெனி பண்ணுச்சு, தையல் மெஷின் பண்ற சிங்கர் கூட ஒரு ஐநூறு பண்ணிச்சு. உங்ககிட்ட இருக்கிறது அந்த மாதிரி பழைய ராணுவ ஒரிஜினல்னா தயவுசெஞ்சு அரத்தைக் கீழ வச்சிருங்க, அதுல ஒரு ஸ்க்ரூவை மாத்தினாலே அதோட மதிப்பு போச்சு. என்னோடது சமீபத்துல வந்த சாதாரண அஞ்சு இன்ச் பேரல் .45, சரித்திரம் ஒண்ணும் இல்லாதது, அதனாலதான் தைரியமா கை வச்சேன்.

வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் எனக்கே போட்டுக்கிட்ட ஒரு சட்டம், வேலை நடக்கிற ரூம்ல ஒரு தோட்டா கூட இருக்கக் கூடாது. தோட்டா அடுக்கற மேகசினைக் கழட்டணும், ஸ்லைடை இழுத்து, தோட்டா உக்கார்ற சேம்பரைக் கண்ணால பாக்கணும், அப்புறம் விரலையும் விட்டுப் பாக்கணும், இடையில ஃபோன் வந்து எழுந்து போயிட்டு திரும்பி வந்தா மறுபடி முதல்லேர்ந்து. இன்னொண்ணு, பாலிஷ் பண்ற ஆர்வத்துல சீரியல் நம்பர் பக்கம் போயிடாதீங்க, அதை அழிக்கிறது அமெரிக்காவுல ஃபெடரல் குற்றம். நான் அது மேல டேப் ஒட்டிட்டுத்தான் மத்த வேலையே பாத்தேன்.

முதல்ல சுலபமானதுல கை வைப்போம்னு கிரிப் பலகைகளை எடுத்தேன். நாலு ஸ்க்ரூ, கழட்டி மாட்டினா முடிஞ்சது, குழந்தை கூட பண்ணும்னு நினைச்சேன். மூணாவது ஸ்க்ரூவைத் திருப்பும்போது ஸ்க்ரூ மட்டும் வரல, அது உக்காந்திருக்கிற புஷ்ஷிங்கும் ஃபிரேம்லேர்ந்து சேந்து கழண்டு வந்துச்சு. அந்த இடத்துல ஃபிரேம் ரொம்ப மெலிசு, மறையும் பொடிசு, கோணலா வச்சு முறுக்கினா மறை அழிஞ்சிரும், அப்புறம் ஃபிரேமே பாழ். மூச்சை அடக்கிட்டு விரலாலயே திருப்பி உள்ள விட்டு, ஒரு சொட்டு லாக்டைட் பசை வச்சு ராத்திரி முழுக்க காய விட்டேன். முதல் நாளே பாடம். இன்னொரு விஷயமும் அப்பதான் கவனிச்சேன், இடது பக்கம் மேல ஒரு குட்டிக் குழாய் இருக்கும், கட்டை விரலால போடற சேஃப்டிக்கும் ஸ்லைடைப் பிடிச்சு நிறுத்தற ஸ்லைடு ஸ்டாப்புக்கும் நடுவுல ஸ்ப்ரிங்கை வச்சுக்கிட்டிருக்கிற ப்ளஞ்சர் டியூப், அது ஃபிரேமை விட்டு அசையாம கீழேர்ந்து முட்டுக் கொடுக்கிறது அந்த மரப் பலகையோட விளிம்புதான். அழகா இருக்குன்னு விளிம்பை ஒட்ட வெட்டின பலகையை வாங்கி மாட்டினா அந்த முட்டு போயிடும். வால்நட் மரத்துல ரெட்டை வைரம் செதுக்கின பழைய பாணியையே வாங்கினேன், மெலிசான பலகை. விரல் கொஞ்சம் அதிகமா சுத்தி வருது இப்ப.

அடுத்தது வளைஞ்ச மெயின்ஸ்ப்ரிங் ஹவுசிங்கை எடுத்துட்டு தட்டையானது. இது உண்மையிலயே சுலபம்தான், கீழ இருக்கிற பின்னைத் தட்டி வெளிய எடுத்தா முழுசா சறுக்கிட்டு வரும். புது ஹவுசிங்குக்குள்ள ஸ்ப்ரிங்கை மாத்தும்போது மட்டும் கண்ணாடி போட்டுக்கங்க, பெட்டிக்குள்ள சுருட்டி வச்ச பாம்பு மாதிரி அது. எனக்கு ஒரு குட்டிப் பின் பறந்து போயி, அலமாரிக்கு அடியில கிடைக்க ஒரு மணி நேரம் ஆச்சு. திரும்ப எல்லாத்தையும் பூட்டும்போதுதான் ஸ்லைடு ஸ்டாப்பை அவசரத்துல அழுத்தி, ஃபிரேம்ல அரை வட்டமா ஒரு கீறல் போட்டேன். இங்க அதுக்கு முட்டாள் கீறல்னே பேரு வச்சிருக்காங்க. பேர் பொருத்தம் பிரமாதம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஹேமர் கடிக்காம இருக்கணும்னா பீவர்டெயில் வேணும், அதாவது பீவரோட வால் மாதிரி அகலமா மேல தூக்கி வளைஞ்ச கிரிப் சேஃப்டி, சதைக்கும் ஹேமருக்கும் நடுவுல அது கூரை மாதிரி நிக்கும். ஃபிரேமை வெட்டாமலே போடக்கூடிய, அப்படியே மாட்டிக்கலாம்னு டப்பா மேல எழுதியிருந்த ஒண்ணை வாங்கினேன். கம்பெனி பேர் வேணாம். அப்படியே மாட்டலாம்ங்கிறது 1911 உலகத்துல பாதி பொய், ஏன்னா இதை இப்ப பல பேர் பண்றாங்க, ஆளாளுக்கு அளவு ஒரு முடி அளவு வித்தியாசப்படும், அந்த ஒரு முடிதான் இங்க எல்லாமே. மாட்டினேன், உள்ள போச்சு. ஆனா ட்ரிகர் நகரல, கிரிப் சேஃப்டியை முழுசா அமுக்கினாலும் உள்ள இருக்கிற அதோட கை ட்ரிகருக்கு வழி விடல. அது மட்டுமா, பழைய ஹேமரோட நீள வால் வந்து புது பீவர்டெயில் மேல இடிச்சு நின்னுச்சு. அப்ப ஹேமரையும் மாத்தணும், நடுவுல ஓட்டை போட்ட வட்ட ஹேமர். ஹேமரை மாத்தினா, அதைப் பிடிச்சு வச்சிருந்து ட்ரிகரை அழுத்தினதும் விடற சியரோட அது பொருந்தணும். ஒரு நூலைப் பிடிச்சு இழுத்தா சட்டையே பிரிஞ்சு வர்ற மாதிரி.

அரத்துல வேலை செய்யறது எப்படின்னு இங்க சொல்லிடறேன், ஏன்னா இதுல ரகசியமே ஒரு மார்க்கர் பேனாதான். பொருந்த வேண்டிய இடத்துல மார்க்கரால கருப்பு பூசணும், மாட்டணும், அசைக்கணும், கழட்டணும், எங்க கருப்பு தேஞ்சிருக்கோ அங்க மட்டும்தான் உரசுது, அங்க மட்டும் ரெண்டு தேய்ப்பு. மூணு இல்ல, ரெண்டு. திரும்ப பூசி திரும்ப மாட்டணும். பீவர்டெயிலுக்கு இப்படி ஒரு நாற்பது தடவையாவது கழட்டி மாட்டியிருப்பேன், கிரிப் சேஃப்டியை அமுக்கினா ட்ரிகர் போகணும், விட்டா போகவே கூடாது, இந்த ரெண்டும் ஒண்ணா வர்ற வரைக்கும். அரத்துல போன இரும்பை எச்சில் தொட்டு ஒட்ட முடியாதே.

பீவர்டெயில் சரியா வந்த தெம்புல, கையோட கையா அகலமான புது தம்ப் சேஃப்டியையும், அதாவது அந்தக் கட்டை விரல் சேஃப்டியையும் பொருத்திட்டேன், அதுதான் நான் பண்ண பெரிய தப்பு. சேஃப்டி போட்டிருக்கும்போது அதோட உள்பக்கம் ஒரு சின்ன மேடு சியரோட காலை அசையவிடாம தடுக்கும், அந்த மேட்டைத்தான் நாம அராவிப் பொருத்தறோம். நான் அழகா மார்க்கர் போட்டு அராவி, டப்புன்னு ஏறி டப்புன்னு இறங்கற மாதிரி பண்ணி பெருமையா பாத்துக்கிட்டிருந்தேன். எந்த சியருக்குப் பொருத்தினேன்? பழைய சியருக்கு.

ஹேமர், சியர் வேலையை நானே பண்றதில்லன்னு முதல்லயே முடிவு பண்ணியிருந்தேன். அந்த ரெண்டும் கடிச்சுக்கிட்டு நிக்கிற விளிம்பு தலைமுடி தடிமன்ல பேசற சமாச்சாரம், கோணம் கொஞ்சம் மாறினா துப்பாக்கி தானா சுடும், இல்ல ஒரு தடவை அழுத்தினா ரெண்டு தடவை சுடும். யூடியூப்ல பாத்து கத்துக்கிற வேலை இல்ல அது. ஃபிரேமையும் புது ஹேமர் சியரையும் துப்பாக்கி வேலை பாக்கற ஒரு அனுபவப்பட்ட கன்ஸ்மித்கிட்ட குடுத்தேன். தம்ப் சேஃப்டி எங்கன்னு கேட்டாரு, அதை நானே பொருத்திட்டேன், வீட்ல இருக்குன்னேன். அவரு ஒண்ணும் சொல்லல, சும்மா சிரிச்சாரு. அந்த சிரிப்பு அப்ப எனக்குப் புரியல.

வீட்டுக்கு வந்து பூட்டி, வழக்கமான சோதனை. துப்பாக்கி காலி, ரெண்டு தடவை பாத்தாச்சு. ஹேமரை ஏத்தி, சேஃப்டியைப் போட்டு, ட்ரிகரை நல்லா அழுத்தி விட்டேன், ஹேமர் அசையல, நல்லது. அப்புறம் ட்ரிகரைத் தொடாம சேஃப்டியை மட்டும் கீழ இறக்கினேன். டக்குனு ஹேமர் விழுந்துச்சு.

சேஃப்டியை எடுத்ததுக்கே விழுந்துச்சு! புது சியரோட கால் பழசை விட ஒரு துளி குட்டை, அதனால நான் அராவி வச்ச மேட்டுக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி, சேஃப்டி போட்டிருந்தும் ட்ரிகரை அழுத்தினப்ப சியர் பாதி வழி நகந்து விளிம்புல தொத்திக்கிட்டு நின்னிருக்கு. உள்ள தோட்டா இருந்திருந்தா அது சுட்டிருக்கும். ரொம்ப நேரம் எழுந்திரிக்காம அப்படியே உக்காந்திருந்தேன். முதல்ல ஹேமர், சியர், அப்புறம்தான் தம்ப் சேஃப்டி, இந்த வரிசையை மாத்தக் கூடாதுன்னு அப்பதான் மண்டையில ஏறுச்சு. அந்த சேஃப்டியைத் தூக்கிப் போட்டேன், இன்னொண்ணு வாங்கினேன், இந்த தடவை ரெண்டு சாயங்காலம் எடுத்துக்கிட்டேன். கடைசியா ஒரு சோதனை சேத்துக்கிட்டேன், சேஃப்டி போட்டு ட்ரிகரை அழுத்தி விட்டு, சேஃப்டியை எடுத்த அப்புறம் ஹேமரைக் காதுகிட்ட வச்சு லேசா பின்னாடி இழுத்துப் பாக்கணும், உள்ள க்ளிக்னு ஒரு மெல்லிசு சத்தம் கேட்டா சியர் நகந்திருக்குன்னு அர்த்தம். கேக்கல. அடுத்த தடவை அந்த கன்ஸ்மித்கிட்ட கொண்டு போயி சரி பாக்கச் சொன்னேன், பாத்துட்டு இப்பவும் சிரிச்சாரு, இது வேற சிரிப்பு.

மத்தது எல்லாம் சில்லறை வேலை. ட்ரிகரை குட்டையானதா மாத்தியாச்சு, அதுல பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. அராவின இடத்துல வெள்ளையா தெரிஞ்சதுக்கு கோல்ட் ப்ளூ பூசினேன், இரும்பைக் கருப்பாக்கற நாத்தம் பிடிச்ச திரவம், அன்னிக்கு பாக்க நல்லா இருக்கும், ரெண்டு மாசம் ஹோல்ஸ்டர்ல போய் வந்தா உரிஞ்சிரும், பூசினப்புறம் நல்லா கழுவி எண்ணெய் போடலன்னா அதுவே துருவைக் கொண்டு வரும். குறி பாக்கற பழைய குட்டி சைட்டுகளை எடுத்துட்டு பெருசா கண்ணுக்குத் தெரியற மாதிரி மாத்தினேன், என் ஸ்லைடுல ரெண்டு சைட்டுக்கும் ஏற்கனவே பள்ளம் வெட்டியிருந்ததால பித்தளை பஞ்ச் வச்சு தட்டி ஏத்த முடிஞ்சது. அந்தக் காலத்து ஸ்லைடுல முன்சைட்டு ஒரு சின்னத் துளையில செருகி உள்பக்கம் நசுக்கி வச்சிருப்பாங்க, அதுல இந்த மாதிரி பள்ளம் வெட்ட மில்லிங் மெஷின் வேணும், வீட்ல நடக்காது.

ரேஞ்சுக்குப் போனப்ப மேகசின்ல ஒரே ஒரு தோட்டா. அது வெடிச்சதும் ரெண்டு. ரெண்டும் தனித்தனியா, ட்ரிகரை விட்டு அழுத்தினா மட்டும் போகுதான்னு பாத்த அப்புறம்தான் மூணு, அப்புறம் முழு ஏழு. புதுசா வேலை பாத்த எந்த 1911ஆ இருந்தாலும் இப்படித்தான் ஆரம்பிக்கணும், எடுத்ததும் ஏழையும் போட்டுட்டு ரெட்டையா சுட்டுதுன்னா கை தாங்காது. அன்னிக்கு நூறு ரவுண்டு போச்சு. கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன், ஒரு சிவப்பு கூட இல்ல, ட்ரிகர்ல விரல் நடுவுல உக்காருது, பக்கத்து லேன்ல இருந்தவரு என்னமோ ஆச்சுன்னு நினைச்சு என் கையையே பாத்தாரு.

எல்லா குண்டும் இருபத்தஞ்சு கஜத்துல நாலு விரக்கடை கீழதான் போயிருக்கு. புது முன்சைட்டு உயரம் ஜாஸ்தி, உயரம் ஜாஸ்தின்னா குண்டு கீழ போகும். மறுபடி மார்க்கர், மறுபடி அரம். ரெண்டு தேய்ப்பு, அப்புறம் ரேஞ்ச்.