ஆயிரம் ரூபாய்ச் சோம்பேறி

நேற்று சேலம் அம்மாபேட்டையில் தட்டுவடை செட்டுக்கு நின்றபோது பக்கத்தில் ஒருவர், "இலவசமாக் குடுத்துக் குடுத்து ஜனங்களச் சோம்பேறி ஆக்கிட்டாங்க" என்று ஆரம்பித்தார். கடைக்கார அக்கா தலை நிமிரவில்லை. தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட்டை அமுக்கியபடியே, "அந்த ஆயிரம் சிலிண்டருக்கே போயிருதுங்ண்ணா, அப்புறம் எங்க படுத்துத் தூங்கறது?" என்றார். அதற்குமேல் அந்த மனிதர் வடைக்கு மட்டும்தான் வாயைத் திறந்தார்.

அந்த ஆயிரம், தமிழ்நாடு அரசு குடும்பத் தலைவிகளுக்குத் தரும் மகளிர் உரிமைத்தொகை. 2023 செப்டம்பரில் அது தொடங்கியபோது மாதம் 1,000. நாளுக்கு 33 ரூபாய் சொச்சம். இதில் என்ன தாராளம்? முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு இன்னும் மோசம். 80 வயதுக்குக் கீழே 200 ரூபாய்தான், பல வருடமாக அதே தொகை. மாநிலம் மேலே போட்டு 2023இல் 1,200 ஆனது. (அதுவும் போதாதுதான், சண்டைக்கு வராதீர்கள்.)

எனக்கு உறுத்துவது வேறு. ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் தாண்டினால் உரிமைத்தொகை இல்லை என்பது விதி. எங்கள் தெருவில் மூன்று குடித்தனத்துக்கு ஒரே மீட்டர். கொலுசுக்குப் பற்றவைப்பு வேலை செய்யும் அக்காவின் மனு அதில் அடிபட்டுவிட்டது. வீட்டு ஓனரின் மோட்டார் ஓடியதுகூட அந்த அக்கா கணக்கிலேயே! மேல்முறையீடு போட்டிருக்கிறார். நான்தான் எழுதிக் கொடுத்தேன்.